தேவைப்பட்டியலில் இடம்பெறாதவர்கள்

2024 ஜனவரி 9ஆம் தேதி சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு, பார்வைக்கு ஒரு தொழில்நுட்ப விவரம் போலத்தான் இருந்தது. ஜூன் 1 முதல் பெரியவர்கள் பேருந்து, ரயில் கட்டணத்துக்கு ‘சிம்ப்ளிகோ’ முறைக்கு மாற வேண்டும். 2002இல் ஈஸிலிங்க் அட்டையோடு வந்த பழைய முறை அவர்களுக்கு நிறுத்தப்படும். பதின்மூன்றே நாளில், 22ஆம் தேதி, போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் அந்த முடிவை மாற்றினார். பழைய முறையும் தொடரும், அதற்குக் கூடுதலாக 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவாகும் என்றார்.

மக்கள் எதற்குக் கோபப்பட்டார்கள் என்பது, ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் கதவருகே நின்றால் புரியும். அட்டையைத் தட்டியதும் கண் திரைக்குப் போகிறது. எவ்வளவு பிடித்தார்கள், மீதி எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கால் நகர்கிறது. பழைய முறையில் மீதித்தொகை அட்டையின் சில்லிலேயே பதிவாகியிருக்கும். கதவிலுள்ள கருவி அதைப் படித்து, கழித்து, திரும்ப எழுதிவிடும். சிம்ப்ளிகோவில் அட்டை வெறும் அடையாளம். கணக்கு வேறெங்கோ ஒரு கணினியில் இருக்கிறது, கழிப்பதும் அங்கேதான். அதனால் கதவருகே மீதித்தொகை தெரியாது. வேண்டுமானால் கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

புதிய முறைக்கு உண்மையான பலன்கள் உண்டு. அட்டை தொலைந்தால் முடக்கலாம், பணம் தப்பும். நிலையத்துக்குப் போகாமலே பணம் நிரப்பலாம். அறிவிப்பு வந்தபோதே பெரியவர்களின் பயணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புதிய முறையில்தான் நடந்துகொண்டிருந்தது. மென்பொருள் தன்னிடம் கேட்டதைச் செய்தது. ஆனால் சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை எண்ணிச் செலவழிப்பவருக்கு, கதவின் திரையில் தெரியும் அந்த எண்தான் கணக்குப் புத்தகம். அது விட்டுக்கொடுக்கக் கூடாத தேவை என்று கருதப்பட்டிருந்தால், அமைப்பு வேறு மாதிரி வந்திருக்கும். குறைந்தபட்சம், பழையதை நிறுத்தும் தேதி வேறாக இருந்திருக்கும்.

அரசு மென்பொருள் வாங்கும் முறையைப் பற்றி இங்கு நான் சொல்ல வருவது இதுதான். பொதுப் பணத்தைக் காக்கும் விதிகளைச் சிங்கப்பூர் நன்றாகவே எழுதியிருக்கிறது. அந்த மென்பொருளோடு நாள்தோறும் வாழப் போகிறவரைக் காக்கும் வரிகளுக்கு அதே உறுதி இன்னும் வரவில்லை. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நடமாடும் தமிழர்களுக்கு இது தொலைதூர நிர்வாக விவகாரம் அல்ல.

பணத்தைக் காக்கும் விதிகளின் வேலை ‘ஜீபிஸ்’ தளத்தில் தெரியும். 2000ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கத்தின் கொள்முதல் இந்த இணையத்தளத்தின் வழியாக நடக்கிறது. அமைச்சுகளும் ஆணைபெற்ற கழகங்களும் என்ன வாங்கப் போகின்றன என்பது அங்கே வெளியாகிறது. யாருக்கு, எவ்வளவுக்குக் கிடைத்தது என்பதும் வெளியாகிறது. 2019இல் திருத்தப்பட்ட வரம்புகளின்படி, 6,000 வெள்ளிக்கு உட்பட்டவை சிறு கொள்முதல். அதற்கு மேல் 90,000 வெள்ளி வரை விலைப்புள்ளி கோர வேண்டும். அதையும் தாண்டினால் ஏலக்குத்தகை. உலக வர்த்தக நிறுவனத்தின் அரசாங்கக் கொள்முதல் உடன்பாட்டில் சிங்கப்பூர் 1997இல் சேர்ந்தது என்பதால், பெரிய ஏலக்குத்தகைகளில் அந்த உடன்பாட்டு நாடுகளின் நிறுவனங்களும் உள்ளூர் நிறுவனங்களோடு சம உரிமையில் போட்டியிடலாம். வெளிப்படைத்தன்மை, நியாயமான திறந்த போட்டி, கொடுக்கும் பணத்துக்கு உரிய பயன் ஆகிய மூன்றும் இந்த அமைப்பின் அடித்தளம்.

வெளிப்படைத்தன்மை என்பது ஏட்டுச் சொல் அல்ல என்பதற்கு 2012இல் நடந்தது சான்று. தேசியப் பூங்காக் கழகம் 26 மடக்கு மிதிவண்டிகளை வாங்கியது. ஒன்றின் விலை 2,200 வெள்ளி, மொத்தம் 57,200. விலைப்புள்ளி தந்தது ஒரே ஒரு நிறுவனம். இந்த விவரம் ஜீபிஸில் கிடந்தது. பார்த்த பொதுமக்கள் இணையத்தில் கேள்வி எழுப்பினார்கள். தேசிய வளர்ச்சி அமைச்சின் உள் ஆய்வைத் தொடர்ந்து விவகாரம் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்குப் போனது. ஆய்வாளர்களிடம் பொய்த் தகவல் சொன்னதற்காக அதிகாரி ஒருவருக்கு 2014இல் 5,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மிதிவண்டி என்றால் என்ன விலை இருக்கும் என்று ஊருக்குத் தெரியும். அதனால்தான் ஊர் கேட்டது.

மென்பொருளின் விலையை ஊர் அப்படி மதிப்பிட முடியுமா? சிங்கப்பூர் நில ஆணையத்தில் 2010இல் வெளிவந்த மோசடி இதற்குக் கசப்பான பதில். தொழில்நுட்பப் பிரிவின் துணை இயக்குநரும் அவருக்குக் கீழே இருந்த இன்னோர் அதிகாரியும், நடக்காத கணினிப் பராமரிப்பு வேலைகளுக்குப் பட்டியல் போட்டு ஏறத்தாழ 1.2 கோடி வெள்ளியைச் சுருட்டினார்கள். பெயருக்குத் தொடங்கப்பட்ட சிறு நிறுவனங்களின் விலைப்புள்ளிகள் காகிதத்தில் ஒழுங்காக இருந்தன. துணை இயக்குநருக்கு 2011இல் 22 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. கட்டி முடிக்காத சுவர் கண்ணுக்குத் தெரியும். செய்யாத மென்பொருள் பராமரிப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவரே இருந்து, மோசடி செய்பவரும் அவரே என்றால், எத்தனை கையெழுத்து இருந்தாலும் பயனில்லை.

2012இல் குடிமைத் தற்காப்புப் படையின் தலைவர் மீதும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தலைவர் மீதும் தொழில்நுட்ப விற்பனைத் தரப்பினரோடு தொடர்புடைய குற்றச்சாட்டுகள் வந்தன. 2013இல் முன்னவருக்கு ஆறு மாதச் சிறை, பின்னவர் விடுதலையானார். ஆண்டுதோறும் வெளியாகும் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகளில் கொள்முதல் குறைகளோடு தகவல் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக் குறைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. கூடுதல் உரிமை பெற்ற பயனர் கணக்குகளைக் கண்காணிக்காதது அவற்றில் அடிக்கடி தென்படுவது. இத்தகைய அறிக்கை பகிரங்கமாக வருவதே இந்த நாட்டின் பலம் என்று நினைக்கிறேன்.

ஆனால் திருட்டைத் தடுப்பது ஒரு பிரச்சினை. சரியான பொருளை வாங்குவது வேறு பிரச்சினை. இரண்டாவதற்கு முதலாவதன் விதிகள் போதாது.

2008இல் அப்போதைய தகவல் தொடர்பு மேம்பாட்டு ஆணையம் ‘சோஈஸி’ என்ற திட்டத்துக்கு ஒப்பந்தம் வழங்கியது. ஏறத்தாழ 60,000 அரசாங்கக் கணினிகளை ஒரே மாதிரியான அமைப்பின்கீழ் கொண்டுவரும் திட்டம் அது. எட்டு ஆண்டுகள், 130 கோடி வெள்ளி. அமெரிக்காவின் ஈடிஎஸ் நிறுவனம் தலைமையேற்ற கூட்டணிக்கு வேலை கிடைத்தது. அதே ஆண்டில் ஈடிஎஸ் நிறுவனத்தை எச்பி வாங்கிக்கொண்டது. ஒப்பந்தம் வழங்கப்பட்டபோது ஐபோன் சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எட்டு ஆண்டு முடிவதற்குள் அலுவலக வேலை கைப்பேசிக்கும் மேகக் கணிமைக்கும் இடம் மாறியது. 2017க்குள் அரசாங்க ஊழியர்களின் பணிக்கணினிகளிலிருந்து இணையத்தைப் பிரித்துவைக்கவும் நேர்ந்தது. எட்டு ஆண்டுத் தேவையை முதல் நாளே எழுதிவிட முடியும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்படும் எந்த ஒப்பந்தமும் இப்படித்தான் காலத்தோடு மல்லுக்கட்டும். சாலைக்கும் பாலத்துக்கும் அந்த நம்பிக்கை பொருந்தலாம். ஒரு பாலம் எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவதில்லை.

கனடாவின் அனுபவம் இதைவிடக் கொடியது. அந்நாட்டின் மத்திய அரசு ஏறத்தாழ 3 லட்சம் ஊழியர்களின் சம்பளத்துக்காக ‘ஃபீனிக்ஸ்’ என்ற மென்பொருளை 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐபிஎம் உருவாக்கித் தந்தது. ஆண்டுக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். செலவைக் குறைக்கச் சில செயல்பாடுகளையும் சோதனைகளையும் வெட்டினார்கள். பல்லாயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் குறைந்து வந்தது, கூடி வந்தது, சிலருக்கு வரவே இல்லை. திருட்டு எதுவும் நடக்கவில்லை. விதிகளின்படி வாங்கினார்கள், குறித்த செலவுக்குள் முடிக்கப் பார்த்தார்கள். வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தவித்தவர்கள் ஊழியர்கள்.

மென்பொருளை வாங்கிவிட்டால் அது வாங்கியவருக்குச் சொந்தமா என்ற கேள்விக்குச் சிங்கப்பூரில் நடந்த நகர மன்ற விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. மக்கள் செயல் கட்சியின் 14 நகர மன்றங்கள் சேர்ந்து ஒரு நிர்வாக மென்பொருளை என்சிஎஸ் நிறுவனத்திடம் செய்து வாங்கியிருந்தன. குடியிருப்பாளர்களின் சேவைக் கட்டணம், நிதிக் கணக்கு என்று ஒரு நகர மன்றத்தின் அன்றாட வேலை அதற்குள் இருந்தது. 2010இல் அதன் உரிமையை விற்றுவிட்டு வாடகைக்குத் திரும்பப் பெறுவது என்று முடிவாகி, ஏலக்குத்தகை விடப்பட்டது. ஐந்து நிறுவனங்கள் ஆவணம் வாங்கின. கேட்டுவந்தது ஒன்றுதான்: ஏஐஎம் என்ற நிறுவனம். அது மக்கள் செயல் கட்சிக்குச் சொந்தமானது. அதன் இயக்குநர்கள் மூவரும் அக்கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். விலை 1,40,000 வெள்ளி. ஒவ்வொரு நகர மன்றமும் மாதம் 785 வெள்ளி வாடகை கட்ட வேண்டும். நகர மன்றத்தின் அமைப்பில் பெரிய மாற்றம் வந்தால் ஒரு மாத முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற விதியும் அதில் இருந்தது.

2011 மே மாதப் பொதுத் தேர்தலில் அல்ஜூனிட் குழுத்தொகுதி பாட்டாளிக் கட்சியிடம் போனது. ஏஐஎம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. புதிய நகர மன்றம் வேறு மென்பொருளுக்கு மாறியது. ஏன், எப்படி என்பதற்கு இரு தரப்பும் வேறுவேறு விளக்கம் தந்தன. தேசிய வளர்ச்சி அமைச்சின் ஆய்வுக் குழு 2013 மே மாதத்தில் அறிக்கை தந்தது. நகர மன்றச் சட்டமும் நிதி விதிகளும் மீறப்படவில்லை, பொதுநிதி தவறாகப் பயன்படுத்தப்படவில்லை என்பது அதன் முடிவு. நகர மன்றங்களுக்கான சட்ட வரம்பை மறுபரிசீலனை செய்யவும் அது பரிந்துரைத்தது. 2017இல் சட்டம் திருத்தப்பட்டது.

அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைக் கொள்முதல் கேள்வியாக மட்டும் பார்க்கலாம். விதி மீறப்படவில்லை என்ற முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், வாசகர் ஒன்றைக் கேட்க வேண்டும். ஆட்சி மாறும் நாளில் தளங்களின் தூய்மையும் மின்தூக்கிகளும் கட்டணக் கணக்கும் தடையின்றி நடக்க வேண்டும் என்ற தேவை அந்த ஒப்பந்தத்தில் எங்கே இருந்தது? மாதம் 785 வெள்ளி குறைந்த வாடகைதான். வெளியேறும்போது என்ன நடக்கும் என்பதற்கு அந்த விலையில் இடமில்லை. எந்த நிறுவனத்திடம் எந்த மென்பொருளை வாங்கினாலும், மூல நிரல் யாரிடம் இருக்கும், தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள், கைமாற எத்தனை மாத அவகாசம் என்ற மூன்றும் விலையைவிடப் பெரியவை. இன்று அரசு அமைப்புகள் மென்பொருளை முழுதாக வாங்காமல், ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று சந்தா கட்டி மேகத்திலிருந்து பெறுகின்றன. அதனால் இந்த மூன்றின் கனமும் கூடிவிட்டது. தகுதியுள்ள அமைப்புகளில் 70 விழுக்காட்டை 2023க்குள் வணிக மேகக் கணிமைக்கு மாற்றுவது என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. சந்தா ஒப்பந்தத்தில் நாம் கையில் வைத்திருப்பது பொருள் அல்ல, ஓர் உறவு. உறவு முறியும் விதத்தை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதிக்கொள்வதற்கு முதலில் வாங்குபவருக்கு விவரம் தெரிய வேண்டும். சிங்கப்பூர் இதைக் கற்றுக்கொண்ட பாதை நீண்டது. 1981இல் தேசியக் கணினி வாரியமும் அரசாங்கச் சேவையைக் கணினிமயமாக்கும் திட்டமும் வந்தன. அரசின் நிரலாளர்கள் அந்த வாரியத்துக்குள் இருந்தார்கள். அதிலிருந்து பிரிந்த என்சிஎஸ் 1997இல் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல் வசமானது. அரசாங்கத்தின் வேலை, எழுதுவது என்பதிலிருந்து வாங்குவது என்று மாறிப்போனது. வாங்குபவர் எழுதத் தெரியாதவராக ஆகிவிட்டால், விற்பவர் சொல்வதே விவரம்.

அதன் விலை பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தில் தெரிந்தது. 2018 ஜூன் இறுதியிலும் ஜூலை தொடக்கத்திலும் 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றில் அடக்கம். ஊடுருவல் குறிவைத்தது ஆல்ஸ்கிரிப்ட்ஸ் நிறுவனத்தின் மருத்துவப் பதிவு மென்பொருளை. விசாரணைக் குழுவின் முன் வந்த ஒரு செய்தி என்னை நெடுநாள் உறுத்தியது. பொதுச் சுகாதாரத்துறையின் அப்போதைய தொழில்நுட்ப அமைப்பான ஐஎச்ஐஎஸ்ஸில் வேலை பார்த்த ஒருவர் அந்த மென்பொருளில் ஒரு பலவீனத்தை 2014லேயே கண்டிருந்தார். அதைப் போட்டி நிறுவனம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் சொல்லியிருந்தார். அந்த நடத்தைக்காக அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் அவர் சுட்டிய பலவீனம் உண்மையா என்று தீர ஆராயப்படவில்லை. ஐஎச்ஐஎஸ்ஸுக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் 2019இல் அபராதம் விதிக்கப்பட்டன.

மறுபுறம், 2016 அக்டோபர் 1ஆம் தேதி அமைக்கப்பட்ட அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், அரசுக்குள் மறுபடியும் நிரலாளர்களைக் கொண்டுவந்திருக்கிறது. காகிதப் படிவங்களுக்குப் பதிலாக எந்த அரசு ஊழியரும் சில நிமிடங்களில் இணையப் படிவம் உருவாக்க உதவும் ‘ஃபார்ம்எஸ்ஜி’ உள்ளேயே எழுதப்பட்டது. 2020 மார்ச் மாதம் வந்த, தொற்றுத் தொடர்புகளைக் கண்டறியும் ‘டிரேஸ்டுகெதர்’ செயலியும் அப்படியே. அதன் அடிப்படை நிரல் உலகத்துக்கே திறந்துவிடப்பட்டது. எல்லாவற்றையும் அரசே எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது நடக்கக்கூடியதும் அல்ல. 2020 நிதியாண்டில் அரசாங்கம் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கத் திட்டமிட்டது 350 கோடி வெள்ளி. அடுத்த ஆண்டு 380 கோடி. 2024இல் 330 கோடி. இதில் பெரும்பகுதி வெளியே போகும். உள்ளே எழுதத் தெரிந்த சிலர் இருந்தால்தான், வெளியே போகும் பணத்துக்கு என்ன வருகிறது என்று படித்துப் பார்க்க முடியும்.

உள்ளே ஆள் இருந்தும் சொல் தவறும் இடங்கள் உண்டு. 2024 டிசம்பர் 9 அன்று நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவின் புதிய ‘பிஸ்ஃபைல்’ தளம் வந்தபோது, அதன் பதிவுகளில் இருந்த எவருடைய அடையாள அட்டை எண்ணையும் முழுதாகத் தேடிப் பார்க்க முடிந்தது. ஐந்து நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்கள் நடந்தன. அமைச்சு ஒன்றின் சுற்றறிக்கையை ஆணையம் வேறு பொருளில் புரிந்துகொண்டது என்பது பிறகு ஆய்வில் தெரிந்தது. முதல் பிழை நிரல் எழுதச் சொன்னதிலேயே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பள்ளி மாணவர்களின் கணினிகளை மேலாள வாங்கப்பட்ட ‘மொபைல் கார்டியன்’ செயலி ஊடுருவப்பட்டு, 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. தேர்வுக்கு எழுதி வைத்திருந்த குறிப்புகளை இழந்த பிள்ளைகள் அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர்.

தேர்ந்தெடுக்காதவர்கள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர்கள் வெளிநாட்டு ஊழியர்கள். 2020 கிருமித்தொற்றின்போது 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்குவிடுதிகளில் அடைபட்டிருந்தார்கள். வேலைக்குத் திரும்ப, மனிதவள அமைச்சின் ‘எஸ்ஜிவொர்க்பாஸ்’ செயலியில் பச்சை நிறக் குறியீடு வர வேண்டியிருந்தது. அந்தப் பச்சைக்குப் பின்னால் ஊழியரின் உடல்நிலை, தங்குவிடுதியின் நிலை, முதலாளி வேலை தொடங்க அனுமதி பெற்றாரா என்பவை இருந்தன. பல இடங்களிலிருந்து வரும் தரவு ஒன்றுசேர்ந்தால்தான் நிறம் மாறும். ஏதோ ஒரு தரவு தாமதித்தாலும் சிவப்பு. சிவப்பைப் பார்த்தவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. 2022 ஜூன் 24 முதல் வெளியே செல்லும் அனுமதி பொதுவாகத் தளர்ந்தது. ஆனால் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போக அதே செயலியில் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு 80,000 வரை. பிறகு அதுவும் நீங்கியது.

நோய்த்தடுப்பின் அவசரத்தில் செய்யப்பட்டவை அவை. அந்த அவசரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து, வாரத்தில் ஒரு நாள் தேக்காவில் வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கி, பழைய நண்பனோடு புல்வெளியில் உட்கார்ந்துபேசும் ஒருவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையே நின்றது ஒரு மென்பொருள். சிவப்பு ஏன் சிவப்பு என்று அவருடைய மொழியில் ஒரு வரி சொல்ல வேண்டும், தவறென்றால் முறையிட ஒரு வழி வேண்டும் என்பவை அலங்காரங்கள் அல்ல. தேவைப்பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

தமிழ் எழுத்தின் நிலையும் இதோடு சேர்ந்தது. 2017 தேசிய தின அணிவகுப்பின் துண்டுத்தாளில் கருப்பொருளின் தமிழ் வடிவம் சிதைந்து அச்சானது. ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. இத்தகைய சிதைவுகள் பலவற்றுக்குப் பின்னால் அலட்சியம் மட்டும் இருப்பதில்லை. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி மெய்க்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கும். ‘கெ’, ‘கே’, ‘கை’யில் குறி முன்னால் வரும். இந்த வரிசையைச் சரியாகக் கையாளும் எழுத்துக்கோப்பு வசதி இல்லாத வடிவமைப்பு மென்பொருளில் நல்ல மொழிபெயர்ப்பைக் கொண்டுபோய் ஒட்டினாலும் எழுத்துகள் கலைந்துபோகும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கலைந்திருக்கிறது என்று தெரியவே வழியில்லை. விலைப்புள்ளியில் ‘நான்கு மொழிகளில் சுவரொட்டி’ என்று எழுதி, குறைந்த விலை கேட்டவரிடம் கொடுத்தால் நான்கு மொழியில் ஏதோ ஒன்று வரும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இறுதி அச்சுப்படியில் ஒப்பமிட்ட பிறகே பணம் என்று எழுதியிருந்தால் தமிழ் வரும்.

அரசாங்கம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைந்தது. உள்ளூர் வழக்குகளைப் பயிற்றி உருவாக்கிய ‘எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர்’ மொழிபெயர்ப்புத் தளம் 2022இல் வந்தது. அதற்கும் வெகு முன்பே, தமிழ் இணையத்துக்கு இந்த ஊர் வாசற்கதவாக இருந்தது. 1997 மே மாதம், தமிழைக் கணினியிலும் இணையத்திலும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது பற்றிப் பேச உலகெங்கிலுமிருந்து அறிஞர்கள் கூடியது சிங்கப்பூரில்தான். கூட்டியவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர், தமிழ் விசைப்பலகைக்கும் இணையத் தமிழுக்கும் உழைத்தவர், 1999இல் மறைந்தார். அத்தகைய ஊரில், அரசு வாங்கும் மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்ட வேண்டும் என்பது சலுகையாகக் கேட்க வேண்டியது இல்லை.

அரசுக்கு மென்பொருள் விற்கும் பக்கத்திலும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. சிறு நிறுவனங்கள் அரசு ஏலக்குத்தகையில் நுழைவதற்குத் தடையாக இருந்தது பெரும்பாலும் ‘முன்னனுபவம் எங்கே?’ என்ற கேள்வி. அதற்காகத்தான் 2014 ஜூலையில் உள்ளூர்த் தொழில்நுட்ப நிறுவனங்களை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் திட்டம் வந்தது. 10 லட்சம் வெள்ளிக்கு உட்பட்டவற்றுக்கு நிபந்தனைகளைச் சுருக்கிய ‘டெண்டர் லைட்’ வந்திருக்கிறது. 2024 நிதியாண்டு முதல் பெரிய கட்டுமான, தொழில்நுட்ப ஏலக்குத்தகைகளில் 5 விழுக்காடு வரை மதிப்பெண் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கப்படுகிறது. இந்த ஐந்து விழுக்காடு எனக்கு நம்பிக்கை தருகிறது. விலைக்கும் தரத்துக்கும் அப்பால் ஒரு சமூக நோக்கத்துக்கு ஏலக்குத்தகையில் மதிப்பெண் கொடுக்க முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது.

இன்னொரு போக்கு இதைவிட ஆழமானது. மென்பொருளை வாங்காமல், எல்லா மென்பொருளும் பேச வேண்டிய பொது மொழியை மட்டும் அரசு நிர்ணயிப்பது. ஐரோப்பாவில் பிறந்த ‘பெப்போல்’ தரத்தை 2018இல் ஏற்று, 2019 ஜனவரியில் ‘இன்வாய்ஸ்நவ்’ என்ற மின்பட்டியல் பிணையத்தைச் சிங்கப்பூர் தொடங்கியது. 2025 நவம்பர் 1 முதல், புதிதாகத் தொடங்கப்பட்டுத் தாமாக முன்வந்து பொருள் சேவை வரிக்குப் பதியும் நிறுவனங்களுக்கு அது கட்டாயமானது. 2026 ஏப்ரல் 1 முதல் தாமாகப் பதியும் புதியவர்கள் எல்லாருக்கும். சிராங்கூன் சாலையின் மளிகை மொத்த வியாபாரி எந்த நிறுவனத்தின் கணக்கு மென்பொருளை வைத்துக்கொண்டாலும், அதை விட்டு வேறொன்றுக்கு மாறினாலும், பட்டியல் போய்ச் சேரும். தேக்கா நிலையத்து உணவங்காடிக்காரர் பல நிறுவனங்களின் கட்டணக் குறியீடுகளைத் தனித்தனியாக ஒட்டிவைக்காமல் 2018இல் வந்த ஒரே ‘எஸ்ஜிகியூஆர்’ அட்டையை வைத்துக்கொள்வதும் இதே சிந்தனைதான். நகர மன்ற விவகாரத்தில் இல்லாத பாதுகாப்பு இங்கே அடித்தளத்திலேயே இருக்கிறது: எந்த நிறுவனமும் வெளியேறலாம், வேலை நிற்காது.

ஆனால் அந்த மளிகைக்காரரின் கணக்குப்பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து பேரேடு எழுதுபவராக இருக்கலாம். பொதுத் தரம் வந்ததால் அவருக்கு மென்பொருள் எளிதாகிவிடவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் எது தடுக்கிறது என்று தெரியும். பொதுமக்கள் நேரடியாகத் தொடும் மென்பொருள் எதற்கும், ஏலக்குத்தகை விடும் முன் தேவைப்பட்டியலின் வரைவைச் சில வாரங்கள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கலாம். இடம் ஜீபிஸிலேயே இருக்கிறது. ஏற்புச் சோதனையை விற்பவரின் அலுவலகத்தில் நடத்தாமல் தேக்கா நிலையத்தின் மாடியில், தங்குவிடுதியின் பொதுக்கூடத்தில், மூத்தோர் நடவடிக்கை நிலையத்தில் நடத்தலாம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர், கைப்பேசியில் தரவு தீர்ந்துபோன ஒருவர், கண் மங்கிய ஒருவர் எனச் சோதிப்பவர்களைப் பெயரிட்டே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பெரும்பாலான மென்பொருள் ஒப்பந்தங்களில் பணம் தவணை தவணையாகத்தான் போகிறது; ஏற்புச் சோதனை தேறும்வரை தவணையை நிறுத்திவைக்கும் உரிமை வாங்குபவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.